மோட்டார் வைத்த சைக்கிளை நம்பி தினமும் வேலைக்குப் போகலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேசுவது மோட்டார் சைக்கிள் பற்றி இல்லை, மோட்டார் வைத்த சைக்கிள் பற்றி. அந்த 'வைத்த' என்கிற வார்த்தையில்தான் வம்பே இருக்கிறது.

என்னிடம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் எத்தனை சிசி, எத்தனை வாட், எவ்வளவு வேகம் போகும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒன்றரை வருஷம் பெட்ரோல் என்ஜின் மாட்டிய சைக்கிளிலும், அப்புறம் மூன்று வருஷமாக பேட்டரி சைக்கிளிலும் தினம் 11 கிலோமீட்டர் போய் 11 கிலோமீட்டர் திரும்பி வருகிறேன். இத்தனை நாளில் என்ஜினோ மோட்டாரோ என்னை நடுவழியில் விட்டது இரண்டே தடவை. மற்றபடி நான் தள்ளிக்கொண்டு வந்த நாட்களுக்கெல்லாம் காரணம் சைக்கிள்தான். ஸ்போக், டயர், பிரேக், கழன்று விழுந்த ஒரு நட்டு.

யோசித்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒரு ஆள் நிதானமாக மிதித்தால் சுமார் 100 வாட் வரும், மூச்சு வாங்க மிதித்தால் 150. சாதாரண சைக்கிளின் ரிம், செயின், பிரேக் கட்டை எல்லாம் அந்தக் கணக்குக்குச் செய்தவை. ஒரு குதிரைசக்தி என்பதோ 746 வாட். அதைக் கொண்டுபோய் அதே சக்கரம், அதே பிரேக்கின் தலையில் கட்டுகிறோம். வேகம் 20லிருந்து 40 ஆனால் பிரேக் அடக்க வேண்டிய சக்தி இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். வருஷக்கணக்கில் உழைக்க வேண்டிய பிரேக் ரப்பர் மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே இரும்பு தெரியத் தேய்ந்து நிற்கும்.

பெட்ரோல் கிட், அதாவது சாதாரண சைக்கிளில் மாட்டிக்கொள்ளும் என்ஜின் செட், வாங்கப் போகிறவர்களுக்கு: 80 சிசி என்று விற்பதில் பெரும்பாலானவற்றை அளந்து பாருங்கள், சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 38. கணக்குப் போட்டால் 66 சிசிதான் வரும். அது போகட்டும், டூ ஸ்ட்ரோக் என்ஜின் எளிமையான பொருள், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில் சரியாகக் கலந்து ஊற்றி, பிளக்கை அவ்வப்போது துடைத்துப் போட்டால் அது பாட்டுக்கு ஓடும். ஆனால் ஒற்றைச் சிலிண்டர், அதிர்வு பயங்கரம். அந்த அதிர்வு முதலில் சைலன்சரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தும், அப்புறம் கார்புரேட்டரை, அப்புறம் மட்கார்டை, ஒருநாள் என் கேரியரே பையோடு சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஸ்ப்ரிங் வாஷரும் நட்டுக்குப் போடும் லாக் பசையும் இல்லாமல் அதை ஓட்டுவது, தினமும் ஒரு பாகத்தை ரோட்டுக்குத் தானம் செய்வது மாதிரி.

அதைவிட மோசம் பின் சக்கரத்தில் என்ஜின் செயினுக்கான பல்சக்கரம் மாட்டும் விதம். நிறைய கிட்டுகளில் ஸ்போக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரப்பர் வைத்து, நடுவில் ஸ்போக்கையே நெரித்து போல்ட் போடுகிறார்கள். ஸ்போக் இழுவையைத் தாங்கத்தான் செய்தது, பக்கவாட்டில் முறுக்குவதற்கு இல்லை. ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருப்பவை அந்தப் பாரத்தை வாங்கி வரிசையாகப் போகும். செயினை இறுக்கிப் பிடிக்கும் ரோலர் இருக்கிறதே, அதன் பிடி நழுவினால் நேராக ஸ்போக்குக்குள் போய்ச் சொருகிக்கொள்ளும். எனக்கு அது நடந்தபோது திருப்பத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன், சக்கரம் பூட்டிக்கொண்டு முழங்காலில் தோல் போனதோடு முடிந்தது. விற்றவரிடம் சொன்னதற்கு "சரியா டைட் பண்ணலை" என்றார். வாஸ்தவம்தான், ஆனால் ஒன்றரை வருஷமும் நான் டைட் மட்டும்தான் பண்ணிக்கொண்டிருந்தேன்.

இதற்காக யோசனையே தப்பு என்று சொல்ல மாட்டேன். பிரான்சில் 1946ல் விற்பனைக்கு வந்த வெலோசோலெக்ஸைப் பாருங்கள். முன் சக்கரத்தின் மேல் சின்ன என்ஜின், ஒரு உருளை டயரை உரசிச் சுற்றும், அவ்வளவுதான். மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும், அதுதான் அதன் சங்கடம். ஆனாலும் லட்சக்கணக்கானவர்கள் அதில் போய் வந்தார்கள், ஏனென்றால் அதன் ஃப்ரேமே என்ஜினுக்காகச் செய்தது, வேகத்துக்கும் ஆசைப்படவில்லை.

பேட்டரி சைக்கிள் அதிர்வு இல்லாததாலேயே பாதித் தொல்லையைக் குறைத்துவிடுகிறது. நம்பகத்தன்மை மட்டும்தான் பேச்சு என்றால் என் ஓட்டு இதற்குத்தான், தயக்கமே இல்லை. மோட்டார் கெட்டுப்போவது அபூர்வம். நிற்க வைப்பது பெரும்பாலும் தண்ணீர் புகுந்த கனெக்டர். வயரை நேராக இழுத்துக் கட்டாமல் கீழே ஒரு தொங்கல் விட்டுக் கட்டினால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது. இரண்டாவது, ஹப் மோட்டாரின், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டாரின் ஆக்சில். மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது ஆக்சில் பின்னே திரும்பப் பார்க்கும். நட்டு கொஞ்சம் தளர்ந்தால் போதும், ஆக்சில் சுழன்று தன் வயரைத் தானே அறுத்துக்கொள்ளும். அதைத் தடுக்க டார்க் ஆர்ம் என்று ஒரு இரும்புத் துண்டு கிடைக்கிறது. என்னை நிறுத்திய இரண்டு தடவையில் ஒன்று இது. அப்போது டார்க் ஆர்ம் என் மேஜை டிராயருக்குள் இருந்தது.

பேட்டரி திடீரென்று சாகாது, மெதுவாகக் கிழடாகும். 36 வோல்ட் பேட்டரியில் 10 செல் தொகுதிகள் வரிசையாக இருக்கும், அதில் ஒன்று பலவீனமானால் போதும், மற்ற ஒன்பதில் சார்ஜ் இருந்தும் மேட்டில் பட்டென்று கட் ஆகும். முழு சார்ஜில் வெயிலில் நிறுத்திவைப்பதைத் தவிர்த்தாலே அதன் ஆயுள் நீளும்.

"நின்றுபோனால் மிதித்துக்கொண்டு வந்துவிடலாமே" என்பார்கள். வரலாம். 25 கிலோ சைக்கிளை ஒருமுறை மேட்டில் மிதித்துப் பார்த்துவிட்டு அந்த 'லாமே'யைச் சொல்லுங்கள். கியர் இல்லாத ஹப் மோட்டார் என்றால் காந்தம் வேறு பின்னாலிருந்து இழுக்கும்.

ஆகவே என்ஜினை விட்டுவிட்டு உங்களிடம் ஸ்போக் சாவி இருக்கிறதா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் நட்டெல்லாம் தொட்டுப் பார்த்து, ஸ்போக்கை விரலால் மீட்டிச் சத்தம் கேட்டு, தொய்ந்ததை இறுக்கிக் கோட்டம் எடுக்கப் பொறுமை உண்டு என்றால் தாராளமாக வாங்குங்கள். வண்டியை எடுத்தோம், போனோம், மறந்தோம் என்று இருக்க வேண்டும் என்றால் வேண்டாம், ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு எனக்குச் சோம்பல். பின் சக்கரம் இப்போது என் மடியில் இருக்கிறது, இரண்டு ஸ்போக் போச்சு, நாளைக்கு பஸ்.