வால் ஆட்டத் தெரிந்தால் போதும்

இங்கிலாந்துக் கிராமங்களில் நாய்க் காப்பகங்களுக்குப் பணம் திரட்ட நடத்தும் வேடிக்கை நாய்க் கண்காட்சி பற்றிய கட்டுரை அருமை. இனச் சான்றிதழெல்லாம் யாரும் கேட்பதில்லை. வேகமாக வால் ஆட்டுவது, வளர்ப்பவர் சாயலில் இருப்பது, அப்புறம் வீசும் சாசேஜை (இறைச்சிக் குழலை) கவ்வுவது, இவைதான் போட்டிகள்! ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு பவுண்டு கட்டணம். பணம் சேர்வது அப்படித்தான். நான் பார்த்த ஒன்றில், மூன்று கால் கிரேஹவுண்ட் நாய் ஒன்று சாசேஜைக் கோட்டைவிட்டு நேரே நடுவரின் பைக்குள் மூக்கை நுழைத்தது. கைதட்டல் முழுக்க அதற்குத்தான். 1860-இல் மேரி டீல்பி லண்டனில் தொடங்கிய பேட்டர்சீ நாய்க் காப்பகமே இன்றும் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகிறது. ஒரே குறை: இந்தக் கண்காட்சிகளைக் கோடை மதியத்தில் நடத்துகிறார்கள். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்கள் வெயிலில் மூச்சு வாங்கித் தவிக்கும். காலையிலேயே முடித்துவிடலாமே?