அந்த விலை நியாயமானதுதான்
ஓலை நாரில் பின்னிய ஆஸ்திரேலியப் பழங்குடிக் கம்மலுக்கு இவ்வளவு விலையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் லேண்டில் பழங்குடிப் பெண்கள் இதற்குப் படும் பாட்டைப் பாருங்கள். நம் தாழை இனத்தைச் சேர்ந்த பாண்டனஸ் செடியின் குருத்தோலையைக் கொக்கிக் கழியால் வளைத்துப் பறிக்க வேண்டும், ஓரமெல்லாம் முள். முள்ளை உரித்து, ஓலையைக் கையாலேயே நாராகக் கிழித்து, காட்டில் தோண்டிய வேரோடு கொதிக்கவைத்துச் சாயமேற்றுவார்கள். மஞ்சள் தரும் வேரோடு சாம்பல் சேர்த்தால் சிவப்பு கிடைக்குமாம், என்ன கைத்தேர்ச்சி! பின்னல் வேலையெல்லாம் அப்புறம்தான்.

மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். இந்தோனேசியாவில் செய்த பொருட்களைப் பழங்குடிக் கலை என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. பின்னியவரின் பெயர் சொல்லி விற்கும் பழங்குடியினரின் சொந்தக் கலை மையங்களில் வாங்குங்கள்.