ஊர்வலம் போகிற தெருவிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்

செப்டம்பர் பிறந்தாலே எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் முதல் பேச்சு "144 போட்டாச்சா?" என்பதுதான். புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு 163 ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் 144தான். செப்டம்பர் 11 பரமக்குடியில் தலித் தலைவர் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை. இரண்டுக்கும் ஊர்வலமாக வருவார்கள், இரண்டு சமூகத்துக்கும் நடுவில் பழைய பகை. இரண்டும் நல்லபடியாக முடிகிறவரை யாருக்கும் நிம்மதி கிடையாது.

நான் தேவிபட்டினம் பக்கத்துக்காரன். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு குருபூஜை நாளில், நகரை, முரல் மீன்களை ஏற்றிப் பரமக்குடிக்குப் போன குட்டியானை வண்டியை வழியில் நிறுத்திவிட்டார்கள். பாதை மாறியது காலையில்தானாம், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வண்டியில் வந்த மீன்கார அக்கா பெட்டியைத் திறந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு போய் வெளுத்திருந்தது. ஐஸ் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக ரோட்டில் சொட்டிக்கொண்டே இருந்தது. "முந்தா நாளே சொல்லியிருந்தா நான் ஏலமே எடுத்திருக்க மாட்டேனே தம்பி" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் உடனே "எல்லா ஊர்வலத்தையும் தடை செய்யுங்கள்" என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. செருப்புப் போட்டு நடக்கக்கூடத் தெரு மறுக்கப்பட்டவர்கள், தீண்டாமையை எதிர்த்து நின்றதற்காக 1957இல் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரனுக்காக அதே மண்ணில் கூட்டமாக நடந்து வருகிறார்கள். அதை டிராஃபிக் தொந்தரவு என்று எழுத எப்படி மனசு வருகிறது? ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூட அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் உரிமை தந்திருக்கிறது, பசும்பொன் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். தடுப்பதால் என்ன ஆகும் என்பதை 2011இல் பார்த்தோம். இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்கு வந்த ஒரு தலைவரை வழியில் மடக்கிக் கைது செய்தார்கள், பரமக்குடி ஐந்துமுனையில் மறியல் நடந்தது, கடைசியில் துப்பாக்கிச் சூடு. போன உயிர்கள் போனவைதான்.

வட அயர்லாந்தில் எங்களுடையதைவிடப் பழைய பகை. 1690இல் நடந்த போரின் வெற்றியைக் கொண்டாடப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களான ஆரஞ்சு அமைப்பினர் ஒவ்வொரு ஜூலையும் அணிவகுப்பார்கள். போர்ட்டடவுனில் கத்தோலிக்கர் குடியிருக்கும் கார்வகி சாலை வழியே அது போவதில் 1990களில் வருஷா வருஷம் கலவரம். அதற்காகவே 1998இல் சட்டம் போட்டு அணிவகுப்பு ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். ஊர்வலம் நடத்துபவர் 28 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும், எதிர்த்துக் கூடுகிறவர் 14 நாள் முன்பு. கலவரம் வருமா, தெருவாசிகளின் அன்றாட வாழ்க்கை கெடுமா, இரு தரப்பு உறவு பாதிக்குமா என்று ஆணையம் பார்க்கும். வழக்கமாகப் போகிற பாதை என்பதையும் கணக்கில் எடுக்கும். பாதைக்கு நிபந்தனை போடலாம், முழுத் தடை விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. முடிவு எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும். ஆரஞ்சு அமைப்பினருக்கு அந்த ஆணையத்தைப் பிடிக்கவில்லை, பல வருஷம் அதோடு பேசவே மறுத்தார்கள். ஆனாலும் யார் எதைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்பதாவது அங்கே ஊருக்குத் தெரியும்.

இங்கே ஊர்வலத்துக்கு வாடகை வண்டியில் வரக் கூடாது, வண்டிக் கூரைமேல் ஏறக் கூடாது என்று நிபந்தனை வருகிறது. சரி, அவை தேவையாகவே இருக்கட்டும். ஆனால் பாதையோரக் கடைக்காரரிடம், அந்தத் தெருப் பெண்களிடம், மீன் ஏற்றுகிறவரிடம் யார் கேட்டார்கள்? நடந்து வருகிற இளைஞர்களிடம்தான் யார் பேசினார்கள்? அமைதிக் கூட்டம் என்று கூட்டுகிறார்கள், முன்வரிசையில் எப்போதும் அதே நாலு பெரிய மனிதர்கள்.

ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு ஊர்வலத்தைப் பாருங்கள். சுற்றுவட்டார இந்துக்களும் தோள் கொடுக்கிற விழா. கூடு எப்போது கிளம்பும், எந்தத் தெருவில் திரும்பும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே பாதையையும் நேரத்தையும் காரணத்தோடு எழுதி ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்டுங்கள். ஆட்சேபம் சொல்லப் பத்து நாள் கொடுங்கள். அந்த அக்கா இந்த அக்டோபரிலும் விடிகாலையில் ஏலத்துக்கு வருவார். வாங்கலாமா வேண்டாமா என்று முந்தின வாரமே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.