நல்ல பிளேயரைத் திறக்காதீர்கள்

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். நம் குழுவில் வந்த அந்தப் பதிவையும், அதன் கீழே எனக்கு விழுந்த மறுமொழிகளையும் எல்லோரும் படித்திருப்பீர்கள். மறுபடி முழுக்கச் சொல்லப் போவதில்லை. தன்னுடைய ஓப்போ 205 பிளேயரை, சிடியும் ப்ளூரேயும் ஓட்டும் பெட்டி அது, ஒன்றரை லட்சம் செலவழித்து மாட் செய்து, அதாவது உள்ளே இருக்கும் பாகங்களை மாற்றி, வாங்கியிருக்கிறார் அந்த அண்ணன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பவர் சப்ளையை மாற்றிய பிறகு டிவியில் கறுப்பு இன்னும் ஆழமாகத் தெரிகிறது, முகங்களில் உயிர் வந்துவிட்டது என்று எழுதினார் பாருங்கள், அங்கேதான் நான் வாய் திறந்தேன். கேட்டது ஒரே கேள்வி. "மாட் செய்யாத இன்னொரு 205-ஐப் பக்கத்தில் வைத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் பார்த்தீர்களா அண்ணா?"

அதற்கு வந்த பதில்: "காது இல்லாதவனுக்கு சங்கீதம் எதற்கு?" அதற்கு 64 பேர் லைக் போட்டிருக்கிறார்கள். அதில் என் வீட்டில் காபி குடித்துவிட்டு, என் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுவிட்டுப் போனவர்கள் நான்கு பேர்.

சரி. சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். நல்ல பிளேயர் ஒன்று கையில் இருந்தால், அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால், அதைத் திறக்காதீர்கள். அதன் உள்ளே கொண்டுபோய்ப் போடும் காசு வீண்.

முதலில் அந்தப் படத்தின் கறுப்பு. பிளேயரிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் போவது எண்கள். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் இருக்க வேண்டியபடி இருக்கும். சேராவிட்டால் திரையில் புள்ளி புள்ளியாக மின்னும், இல்லையென்றால் படம் மொத்தமாகப் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் 'கொஞ்சம் ஆழமான கறுப்பு' என்று ஒரு நிலை கிடையாது. நூறு ரூபாய் அனுப்பினால் நூறு ரூபாய் வரும், வராமலும் போகும். அனுப்பியவர் வீட்டில் நல்ல கரண்ட் இருந்ததால் நூற்றிப் பத்தாக வராது.

ஒலியும் பெரும்பாலும் இதே கதைதான். சிடி சுழலும் வேகம் ஒரே சீராக இருக்காது. உள் ஓரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளி ஓரத்துக்கு வரும்போது சுமார் 200. லேசர் படித்த தகவல் முதலில் ஒரு நினைவகத்தில் போய் நிற்கும். அங்கே பிழை திருத்தம் நடக்கும். அப்புறம்தான் ஒரு கிரிஸ்டல் கடிகாரத்தின் தாளத்துக்கு, நொடிக்கு 44,100 முறை, வெளியே வரும். டிஸ்க்கின் ஆட்டமும் மோட்டாரின் நடுக்கமும் அந்த நினைவகத்தோடு நின்றுவிடும். இதை 1980களின் பொறியாளர்களே செய்து முடித்துவிட்டார்கள். நாம் 2020களில் உட்கார்ந்து அதற்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"அனலாக் பகுதி இருக்கிறதே, அதையும் எண் என்பாயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எண்களை மின்னலையாக மாற்றுவது டாக் சிப். அதற்குப் பிறகு வருவது அனலாக்தான், அங்கே மட்டமாகச் செய்தால் கெடும். முதல் தலைமுறை பிளேயர்களில் அந்தக் குறை உண்மையிலேயே இருந்தது. 1982-இல் சோனி வெளியிட்ட சிடிபி-101-இல் இரண்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே ஒரு டாக். பிலிப்ஸின் ஆரம்ப பிளேயர்களில் 16 பிட் சிடிக்கு 14 பிட் சிப். அந்தக் காலத்தில் ஒருவர் சாலிடரிங் அயர்னை எடுத்திருந்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் நாம் பேசுவது 205-ஐப் பற்றி. இஎஸ்எஸ் நிறுவனத்தின் 9038 ப்ரோ சிப் இரண்டு, ஸ்டீரியோவுக்குத் தனி, மல்டிசேனலுக்குத் தனி. அனலாக் பகுதிக்கென்று தனியாக வளைய வடிவ டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர். பத்து கிலோ எடை. அதில் இன்னும் எதை மாற்றுவது?

டாக்குக்குப் பிறகு சிக்னலைக் கையாளும் ஆப்-ஆம்ப் என்ற சின்னப் பெருக்கிச் சிப்பை மாற்றுகிறார்களாம். 5532, 5534 என்ற சிப்புகளை 'மட்டமான சரக்கு' என்று அந்தப் பதிவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். 1980களிலிருந்து உலகம் முழுக்க ஒலிப்பதிவுக் கூடங்களின் மிக்ஸிங் கன்சோல்களில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவை அந்தச் சிப்புகள்தான். நீங்கள் உருகிக் கேட்கும் எத்தனையோ பதிவுகள் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவற்றில் பல டஜனைக் கடந்துதான் வந்திருக்கின்றன. கடைசியாக ஒன்றை மட்டும் பிடுங்கிவிட்டால் எது சுத்தமாகிவிடும்? போதாக்குறைக்கு, வேகமான சிப்பைப் பொருத்தமில்லாத போர்டில் சொருகினால் அது தானாகவே அதிர ஆரம்பிக்கும். காதுக்குத் தெரியாத அதிர்வெண்ணில் ஊளையிட்டுச் சூடாகும். அதையும் 'புதிய விவரம் கேட்கிறது' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"செய்து பார்க்காதவன் பேசக் கூடாது" என்பது அடுத்தது. செய்து பார்த்திருக்கிறேன் ஐயா. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

2014-இல் என்னுடைய 105-ஐ, 205-க்கு முந்தைய ஓப்போ மாடல், பத்திரமாகக் கட்டி வேறு ஒரு ஊருக்கு கூரியரில் அனுப்பினேன். பவர் சப்ளை, கெபாசிட்டர், ஆப்-ஆம்ப், எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய். என் மனைவியிடம் 40,000 என்று சொன்னேன். ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அன்று ராத்திரி இரண்டு மணி வரை கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அருமையாக இருந்தது. வயலின் முன்னால் வந்து நின்றது. மிருதங்கத்தின் தொப்பியில் விரல் பதிவது தெரிந்தது. இப்போது அந்த அண்ணன் எழுதியிருப்பதைவிட நீளமாக நானும் எழுதினேன். பழைய பதிவுகளில் தேடினால் கிடைக்கும், அழிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து நண்பர் ஒருவர் ஊருக்குப் போகும்போது தன்னுடைய 105-ஐ என்னிடம் விட்டுவிட்டுப் போனார். மாட் செய்யாதது. என் மகன் அப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். "அப்பா, நான் மாற்றி மாற்றிப் போடுகிறேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள்" என்றான். பத்தில் ஒன்பது சரியாகச் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு பெருமை. அவன் மட்டும் திருப்திப்படவில்லை. 400 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டிஸ்க்கைப் போட்டு, மல்டிமீட்டரை எடுத்து இரண்டு பிளேயரின் வெளியீட்டையும் அளந்தான். நண்பருடையது 2.1 வோல்ட். என்னுடையது 2.4 வோல்ட். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1.2 டெசிபல். மாட் செய்தவர் வெளியீட்டைக் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த அளவு வித்தியாசம் காதுக்கு 'சத்தம் அதிகம்' என்று படாது. 'தெளிவாக இருக்கிறது', 'முன்னால் வந்து நிற்கிறது' என்றுதான் படும்.

பிறகு ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழைச் சுற்றி ஒரு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஸ்பீக்கர் முனையில் ஒரே வோல்ட் வரும்படி பென்சிலால் இரண்டு கோடு போட்டான். ஒரு பிளேயருக்கு ஒரு கோடு. மறுபடி ஆரம்பித்தோம். இருபது முறை. பதினொன்று சரி, ஒன்பது தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். மகன் ஒன்றும் சொல்லவில்லை. மல்டிமீட்டர் ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அந்த டேப் இன்னும் ஆம்ப்ளிஃபயரில்தான் இருக்கிறது, நான் பிரிக்கவில்லை.

"வீட்டில் செய்தது பரிசோதனையா?" என்பார்கள். முறையாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். மேயர், மோரன் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் செய்து 2007-இல் வெளியிட்டார்கள். எஸ்ஏசிடி போன்ற உயர்தரப் பதிவுகளை நேராக ஒரு முறை, சாதாரண சிடியின் 16 பிட் தரத்துக்கு இறக்கி ஒரு முறை கேட்க வைத்தார்கள். 554 தடவை கேட்டதில் சரியாகச் சொன்னது 276. பாதிக்கும் கீழே. தரத்தையே இறக்கினாலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், ஒரு கெபாசிட்டரை மாற்றியது எப்படித் தெரியும்? அந்தச் சோதனையில் குறை சொல்பவர்கள் உண்டு, தெரியும். அவர்கள் தங்கள் சோதனையைச் செய்து காட்டட்டும்.

என் 105-இன் கதை அதோடு முடியவில்லை. பதினான்காவது மாதம் ஒரு நாள் ஆன் செய்தேன், வரவில்லை. உள்ளே புதிதாக வைத்த ரெகுலேட்டரின் சூட்டில் பக்கத்தில் இருந்த போர்டு பழுப்பேறிப் போயிருந்தது. சீல் உடைந்த பெட்டியை எந்த சர்வீஸ் சென்டரும் தொடாது. மாட் செய்தவர், திரும்ப அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் செலவு சொல்கிறேன் என்றார். 2018 ஏப்ரலில் ஓப்போ டிஜிட்டல் இனி புது பிளேயர் கிடையாது என்று அறிவித்தபோது, என்னுடையது அலமாரியில் செத்துக் கிடந்தது. அதனால்தான் சொல்கிறேன், திறக்காதீர்கள். இனி இந்தப் பெட்டிகள் திரும்ப வரப்போவதில்லை.

பழுது பார்ப்பது வேறு. அதை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. என் பழைய சிடி பிளேயர் டிரேயைத் திறக்க மறுத்தபோது சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றி, தொய்ந்துபோன ரப்பர் பெல்ட்டை ஊசியால் தூக்கிக் காட்டினார். புது பெல்ட் போட்டார். லேசர் ஓடும் தண்டவாளத்தில் காய்ந்து கெட்டியான கிரீஸைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்தார். பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து லென்ஸ் மேல் ஒரே ஒரு சுற்று. 600 ரூபாய். இன்றும் ஓடுகிறது. இருபது வருஷமான பிளேயரில் காய்ந்த கெபாசிட்டரை மாற்றுவதும் இதே கணக்குதான், அது வைத்தியம்.

ஒரு மாட் மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். ரீஜன் பூட்டை எடுப்பது, அதாவது ஒரு பகுதிக்கென்று விற்ற டிஸ்க்கை வேறு பகுதியின் பிளேயரில் ஓடவிடாத தடையை நீக்குவது. நம் ஊர் ப்ளூரே சி ரீஜன், அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, பிரிட்டன் பி. வெளியூரில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் நம் வீட்டில் ஓடாது என்றால் அந்த வேலைக்குச் செலவழிக்கலாம். ஓடாத டிஸ்க் ஓடும், கண்ணால் பார்க்கலாம். 4கே டிஸ்க்குக்கு அந்தப் பூட்டே கிடையாது.

இப்போது "அவர் காசு, அவர் செலவழிக்கிறார், உனக்கு ஏன் எரிகிறது?" என்ற மறுமொழி. பொறாமை என்று நேராகவே எழுதிவிட்டார்கள். ஒன்றரை லட்சம் என்னிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் நான் எழுதியது அந்த அண்ணனுக்காக மட்டும் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இரண்டு வருஷம் சேர்த்துவைத்து செகண்ட் ஹாண்டில் ஒரு ஓப்போ 203 பிளேயர் வாங்கினான். டிஸ்க் பாதியில் திக்குகிறது என்று நம் குழுவில்தான் கேட்டான். "பவர் சப்ளை சரியில்லை, மாட் செய்துவிடு, 60,000 ஆகும்" என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். நகைக்கடன் வாங்கலாமா அண்ணா என்று எனக்கு இன்பாக்ஸில் கேட்கிறான். இதைப் படித்துவிட்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

அப்புறம் அந்தக் 'காது' விஷயம். என் அப்பா கோயம்புத்தூரில் ஒரு மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் செக்ஷனில், அந்த இரைச்சலில், 31 வருஷம் நின்றவர். ஐம்பது வயதுக்குள் மேல் சுருதி அத்தனையும் போய்விட்டது. ஜால்ராவும் புல்லாங்குழலும் அவருக்குக் கேட்காது. கடைசிக் காலத்தில் நான் சிடி போட்டால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வார். தவில் வரும்போது கண் மூடும். பாதி கேட்டும் கேட்காமலும் என்னைவிட, உங்களைவிட, அந்த 64 பேரைவிட அதிகமாக சங்கீதத்தை அனுபவித்த மனுஷன். காது இல்லாதவனுக்கு சங்கீதம் எதற்கு என்று கேட்டவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. தெரியாமலும் அப்படி எழுதக் கூடாது. என்னைத் திட்டுங்கள், என் கணக்கு தப்பு என்று காட்டுங்கள். அந்த வார்த்தை வேண்டாம்.

திருப்பூர் தம்பியிடம் லென்ஸைத் துடைக்கச் சொன்னேன், எப்படி என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ் வந்தது. முழுப் படமும் ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஓடியதாம்.

அந்த அண்ணனுக்கு: உங்கள் 205-ஐ எடுத்துக்கொண்டு எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள். மாட் செய்யாத ஒன்றை நான் ஏற்பாடு செய்கிறேன். மல்டிமீட்டர் இருக்கிறது, டேப் இருக்கிறது, பென்சில் இருக்கிறது. இருபதுக்குப் பதினெட்டு சரியாகச் சொல்லிவிட்டீர்கள் என்றால் இதே பக்கத்தில் உங்கள் பெயர் போட்டு நான் தப்பு என்று எழுதுகிறேன். மதியம் சாப்பாடு நம் வீட்டில்தான்.