ஏழு பேர் நடத்தும் பள்ளிக்கூடம்

டெக்ஸாஸ் கல்வித்துறை ஒவ்வொரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கும், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்கும், ஏ முதல் எஃப் வரை தர மதிப்பாக ஓர் எழுத்து கொடுக்கும். மேற்கு டெக்ஸாஸில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கிடைத்தது சி. "சி வாங்கின ஊர்லயா புள்ளைய படிக்க வைக்கிற?" என்று டாலஸ் பக்கம் இருக்கும் நண்பர்கள் அக்கறையோடு விசாரிக்கிறார்கள். அந்த எழுத்தை வைத்து ஒரு சின்ன ஊர்ப் பள்ளியை எடை போடுவது வீண் வேலை என்பது என் கட்சி. பள்ளி பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. சில விஷயங்களில் நிஜமாகவே மோசம். ஆனால் அந்த மோசத்துக்குக் காரணம் ஊரில் பாதி, தலைநகர் ஆஸ்டினில் பாதி. பழி மட்டும் முழுசாக ஊர் தலையில்.

மதுரையில் இருக்கும் என் சித்தப்பா ரிட்டையர்ட் தலைமையாசிரியர். போனில் கேட்டார்: "அங்க சி.இ.ஓ. யாருப்பா? கலெக்டருக்குக் கீழ வருவாரா?" நம் ஊர் முதன்மைக் கல்வி அலுவலர் மாதிரி இங்கே ஒருவரே கிடையாது சித்தப்பா. டெக்ஸாஸில் ஆயிரத்துக்கும் மேல் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் இருக்கின்றன. பெரும்பாலானவை நகராட்சிக்கும் கவுண்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) கட்டுப்படாத தனி அமைப்புகள். ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு, பெரும்பாலும் ஏழு பேரை, ட்ரஸ்டிகளாகத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள்தான் போர்டு. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அந்த ஏழு பேர் சேர்ந்து ஒரு சூப்பரின்டெண்டென்டை, அதாவது தலைமை நிர்வாகியை, வேலைக்கு வைப்பார்கள். சொத்து வரி விகிதம், ஆசிரியர் நியமனம், விடுமுறைப் பட்டியல், பஸ் போகும் பாதை எல்லாம் அங்கேதான் முடிவாகும். லட்சக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும் ஹூஸ்டனும் ஒரு டிஸ்ட்ரிக்ட். மழலையர் வகுப்பில் இருந்து பன்னிரண்டாவது வரை ஒரே வளாகத்தில் இருநூறு சொச்சம் பிள்ளைகள் படிக்கும் எங்கள் ஊரும் ஒரு டிஸ்ட்ரிக்ட். மாநிலத்துக்கு அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்டுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. ஹூஸ்டனில் அதை நிரப்ப ஒரு டிபார்ட்மென்டே உண்டு. இங்கே சூப்பரின்டெண்டென்டும், கணக்கு வழக்கு பார்க்கும் ஓர் அம்மாவும்தான்.

போர்டு மீட்டிங் பள்ளி நூலகத்தில் நடக்கும். முதலில் கொடிக்கு உறுதிமொழி: அமெரிக்கக் கொடிக்கு ஒன்று, டெக்ஸாஸ் கொடிக்குத் தனியாக ஒன்று. பிறகு காபி. ட்ரஸ்டிகளில் பருத்தி விவசாயி உண்டு, மாட்டுப் பண்ணைக்காரர் உண்டு, பேங்கில் வேலை பார்ப்பவர் உண்டு. ஒருமுறை பழைய பஸ்ஸின் கியர் பாக்ஸை மாற்றுவதா, பஸ்ஸையே மாற்றுவதா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்த ஒரு ட்ரஸ்டி, கொட்டேஷனில் எந்த வரி அநியாயம் என்று பேனாவால் சுழித்துக் காட்டினார். அடுத்து வந்தது கணிதப் பாடத்திட்டம். ஐந்தே நிமிடம், ஒருமனதாக நிறைவேறியது. இந்த போர்டின் பலம், பலவீனம் இரண்டும் எனக்கு அந்த ஒரே மாலையில் தெரிந்தது.

தேர்தல் என்றேனே, அதுவும் பெயருக்குத்தான். காலியாகும் இடங்களுக்கு அதே எண்ணிக்கையில் ஆள் நின்றால் தேர்தலையே ரத்து செய்துவிடலாம் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. சின்ன ஊர்களில் இது சர்வசாதாரணம். ட்ரஸ்டியின் நெருங்கிய சொந்தத்தைப் பள்ளியில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. மக்கள்தொகை குறைந்த கவுண்டிகளில் பஸ் டிரைவர் வேலைக்கு அதில் விலக்கு உண்டு. வேறு வழியில்லை, மச்சானை விட்டால் பஸ் ஓட்ட ஆள் கிடையாது!

கடையில் பால் வாங்க வரிசையில் நிற்கும் ட்ரஸ்டியிடம் "பஸ் ஏன் இருபது நிமிஷம் லேட்?" என்று கேட்கலாம், பதிலும் கிடைக்கும். ஹூஸ்டன் பெற்றோருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அங்கே 2023-இல் மாநிலமே டிஸ்ட்ரிக்டை எடுத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த போர்டை ஓரங்கட்டி, தன் ஆட்களை உட்கார வைத்தது. ஆனால் இதே நெருக்கம்தான் வாயையும் அடைக்கிறது. சரியாகப் பாடம் எடுக்காத ஆசிரியரைப் பற்றி வெளிப்படையாக யார் பேசுவார்? அவர் உங்கள் சர்ச்சில் பியானோ வாசிப்பவர். பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெற்றோர் பேசினார். அதற்குப் பிறகு அவர் மகனை டீமில் இறக்கவே இல்லை. நிரூபிக்க முடியாத விஷயம், ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

நல்லவர்கள் சிக்கனமாக நடத்துவது மட்டும் போதாது என்பதற்கு இந்த மாநிலத்திலேயே ஒரு பயங்கரமான உதாரணம் இருக்கிறது. கிழக்கு டெக்ஸாஸில் நியூ லண்டன். எண்ணெய் கிடைத்ததால் நாட்டிலேயே பணக்காரக் கிராமப்புற டிஸ்ட்ரிக்டுகளில் ஒன்றாக இருந்தது. 1937-இன் தொடக்கத்தில், மாதம் சில நூறு டாலர் மிச்சம் பிடிக்க, காசு கொடுத்து வாங்கிய எரிவாயுவை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கம்பெனியின் கழிவு வாயுக் குழாயில் இருந்து இணைப்பு எடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் பலரும் செய்ததுதான். மணமே இல்லாத வாயு கசிந்து கட்டடத்தின் அடியில் சேர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. மார்ச் 18 அன்று பள்ளி வெடித்தது. குழந்தைகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் செத்துப்போனார்கள். நம் வீட்டு கேஸ் கசிந்தால் நாற்றமடிக்கிறதே, எரிவாயுவில் அப்படி மணம் கலந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் டெக்ஸாஸில் அதன் பிறகுதான் வந்தது. அந்த போர்டில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கொட்டேஷனைச் சுழித்துக் காட்டிய நம் ட்ரஸ்டி மாதிரி ஆட்கள்தான்.

இனி பணம். மாநிலம் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அடிப்படைத் தொகை வைத்திருக்கிறது. 2019-இல் அது 6,160 டாலர். அதற்குப் பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டது. தொகை அசையவில்லை. 2025-இல் கூட்டினார்கள். எவ்வளவு? 55 டாலர்! சின்ன டிஸ்ட்ரிக்டுகளுக்கு அதற்கு மேல் தனி ஒதுக்கீடு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கு சேர்க்கை எண்ணிக்கையில் இல்லை, சராசரி வருகையில். காய்ச்சல் பரவி ஒரு வாரம் பாதி வகுப்பு வராவிட்டால் வருமானம் குறையும். பஸ்ஸோ அதே தூரம் ஓடுகிறது, ஏசியும் ஓடுகிறது, ஆசிரியருக்கும் அதே சம்பளம்.

இதற்கு நடுவில் ஊருக்கு வரும் உறவினர்கள் ஸ்டேடியத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். செயற்கைப் புல், எல்.ஈ.டி. ஸ்கோர்போர்டு. "இதுக்குக் காசு இருக்கு, வாத்தியாருக்கு இல்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சட்டத்தில் இருக்கிறது. பள்ளி வரி இரண்டு பங்கு: ஒன்று நடப்புச் செலவுக்கு, மற்றது கட்டடக் கடனை அடைக்க. நடப்புச் செலவு வரி அளவுக்கு மேல் சேர்ந்தால் மாநிலம் எடுத்துக்கொள்ளும். 1993-இல் வந்த இந்த ஏற்பாட்டுக்கு 'ராபின் ஹுட்' என்று பெயர். ஏழை டிஸ்ட்ரிக்டுகள் வழக்குப் போட்டு வாங்கிய நீதி அது, கொள்கையாக எனக்கு உடன்பாடு. கடன் வரியை மட்டும் மாநிலம் தொடாது. ஆனால் அதில் சம்பளம் கொடுக்க முடியாது. காற்றாலை வந்த ஊர்களில் இது இன்னும் வேடிக்கை. ஸ்வீட்வாட்டர் பக்கம் போனால் முப்பந்தல் பார்த்தவர்களே அசந்துபோகிற அளவுக்குக் காற்றாலைகள். அவற்றின் சொத்து மதிப்பு கடன் வரிக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. ஆக, ஜிம் புதுசு, ஆடிட்டோரியம் புதுசு, அறிவியல் ஆசிரியர் பணியிடம் காலி. இதை ஊர்க்காரர்களின் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) பைத்தியம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. பைத்தியமும் இருக்கிறது, அது வேறு கதை. உயர்நிலைப் பள்ளியில் நூறு பேருக்கு மேல் தேறாத ஊர்களுக்கு என்றே ஆறு பேர் ஆடும் ஃபுட்பால் உண்டு.

ஆசிரியர் விஷயத்தில்தான் தமிழ்நாட்டு ஏற்பாட்டின் அருமை எனக்குப் புரிகிறது. நான் படித்தது ஊராட்சி ஒன்றியப் பள்ளி. எந்தக் குக்கிராமத்து அரசுப் பள்ளியாக இருந்தாலும் பெரும்பாலும் அரசு எடுத்த, படிப்புத் தகுதி உள்ள ஆசிரியர்தான் வருவார். ஓராசிரியர் பள்ளியாகவே இருக்கட்டும், பட்டணத்து ஆசிரியருக்கு என்ன சம்பள விகிதமோ அதுதான் அவருக்கும். இங்கே ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தனியாக ஆள் பிடிக்க வேண்டும். நாற்பது மைல் தள்ளி இருக்கும் பெரிய ஊர் சில ஆயிரம் டாலர் கூடக் கொடுத்தால் முடிந்தது கதை. 2015-இல் வந்த ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சான்றிதழ் இல்லாதவர்களையும் வேலைக்கு எடுக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அப்படி வந்தவர்தான்.

சம்பளத்தில் போட்டி போட முடியாதவர்கள் கண்டுபிடித்த வழி, வாரத்துக்கு நாலு நாள் பள்ளி. இத்தனை நாள் நடத்த வேண்டும் என்றிருந்த விதியை அதே 2015-இல் 75,600 நிமிடம் என்று மாற்றினார்கள். தினமும் கொஞ்சம் நீட்டினால் வெள்ளிக்கிழமை லீவு. ஆசிரியர்களுக்குச் சந்தோஷம், பெற்றோரில் பலருக்கும் சந்தோஷம். எனக்கு இல்லை. மதியச் சாப்பாட்டைப் பள்ளியில்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிற பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களின் வெள்ளிக்கிழமையைப் பற்றி எந்த மீட்டிங்கிலும் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. ஆனால் போர்டை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை, அவர்கள் கையில் இருந்த ஒரே சலுகை அதுதான். 2025 சட்டத்தில் உருப்படியாக ஒன்று நடந்தது. 5,000 பிள்ளைகளுக்கு மேல் இல்லாத டிஸ்ட்ரிக்டுகளில் ஐந்து வருட அனுபவம் உள்ள ஆசிரியருக்கு 8,000 டாலர் உயர்வு. பெரிய ஊர்களில் அதே அனுபவத்துக்கு 5,000. சின்ன ஊருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்டினுக்கு ஒருவழியாகத் தோன்றியிருக்கிறது.

சரி, அந்த சி. எங்கள் மூன்றாம் வகுப்பில் பதினைந்து பேர் என்று வையுங்கள். மாநிலத் தேர்வன்று இரண்டு பேர் சொதப்பினால் பதின்மூன்று சதவீதம் போயிற்று. அடுத்த வருடம் கெட்டிக்காரக் குடும்பம் ஒன்று ஊருக்குக் குடிவந்தால் ஏறிவிடும். இரண்டுக்கும் பள்ளி காரணமில்லை. அது போக, அளவுகோலே நிலையாக இல்லை. உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது கல்லூரிக்கோ வேலைக்கோ தயாராக இருப்பவர்கள் 60 சதவீதம் இருந்தால் அந்தப் பிரிவில் ஏ என்று இருந்ததை 88 ஆக்கினார்கள். டிஸ்ட்ரிக்டுகள் கோர்ட்டுக்குப் போக, 2023-க்கான மார்க் 2025 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. அதற்குள் பிள்ளைகள் பள்ளியை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் கொடுக்கும் வவுச்சர் சட்டமும் வந்துவிட்டது. 2023 நவம்பரில் கிராமப்புறக் குடியரசுக் கட்சி எம்.எல்.ஏ.க்கள் பலர் தங்கள் கவர்னரையே எதிர்த்து, 84-க்கு 63 என்று அதைத் தோற்கடித்தார்கள். அடுத்த உள்கட்சித் தேர்தலில் கவர்னர் அபட் அவர்களில் பலருக்கு எதிராகவே பிரசாரம் செய்தார். 2025 மே மாதம் 100 கோடி டாலர் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எங்களுக்குப் பக்கத்துத் தனியார் பள்ளி ஒரு மணி நேரப் பயணம். கூப்பனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அப்ப பக்கத்து ஊரோட சேத்துடலாமே" என்பார்கள். அமெரிக்கா அதைத்தான் காலம் காலமாகச் செய்கிறது. 1940 வாக்கில் நாடு முழுக்க 1,17,000 டிஸ்ட்ரிக்டுகள், இன்று ஏறக்குறைய 13,000. சேர்த்தால் கணக்கில் கொஞ்சம் மிச்சம் வரலாம். ஆறு வயதுப் பிள்ளை இருட்டில் பஸ் ஏறுவதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இந்தப் பக்கம் வேலை கிடைத்து வரும் நம்மாட்கள், டாக்டர்களும் காற்றாலை எஞ்சினியர்களும், "புள்ளையோட வரலாமா?" என்று இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். எட்டாவது வரைக்கும் தைரியமாக வாங்க. வகுப்பில் பதினைந்து பேர், எல்லா ஆசிரியருக்கும் பிள்ளையின் பெயர் தெரியும், தாத்தா பெயர்கூடத் தெரியும். ஒன்பதாவதுக்கு மேல் என்றால் ரேட்டிங்கைப் பார்க்காதீர்கள். ஆபீஸுக்கு போன் போட்டு, இந்த வருஷம் பிசிக்ஸ் யார் எடுக்கிறார், கால்குலஸ் வகுப்பில் ஆள் நிற்கிறாரா இல்லை வீடியோவா, போன வருஷம் எத்தனை ஆசிரியர் விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். போனை எடுப்பது அனேகமாக சூப்பரின்டெண்டென்டாகவே இருப்பார். காலை ஏழரைக்கு முன்னால் மட்டும் கூப்பிடாதீர்கள், பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார்.