டர்பன் ராக் வீடியோவுக்கு அமெரிக்க டிவி எதற்கு?

பழைய டிவி பாணியில் ராக் பாட்டு வீடியோ எடுக்கும் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதித் தம்பி தங்கைகளே, அந்தக் கறுப்பு வெள்ளை ஃபில்டரை முதலில் தூக்கிப் போடுங்கள். தென்னாப்பிரிக்காவில் நாடு தழுவிய டிவி ஒளிபரப்பு 1976 ஜனவரி 5 அன்றுதான் தொடங்கியது. தொடங்கும்போதே கலர். கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்த வீடுகளும் உண்டுதான். ஆனால் 1950களின் டர்பன் கூடத்தில் டிவி ஓடுவதாகக் காட்டினால் அது நம் வீடே இல்லை.

முகம் பச்சைக்கும் ஊதாவுக்கும் தாவும் ஃபில்டரும் வேண்டாம். அது என்டிஎஸ்சி (NTSC) என்ற அமெரிக்கக் கலர் டிவி முறையின் கோளாறு. நம்முடையது 'பால்' (PAL) முறை: 625 வரி, நொடிக்கு 25 ஃபிரேம். இதில் சிக்னல் கெட்டால் நிறம் மாறுவதைவிட வெளிறிப்போவதுதான் அதிகம். விஎச்எஸ் வீடியோ கேசட்டில் சிவப்பு ஓரம் தாண்டிக் கசியும். அதைச் செய்யுங்கள், உண்மையாக இருக்கும்.

எனக்கு ஃபில்டரே பிடிக்காது. எடிட் செய்ததை 4:3 அளவில் வெட்டி, ஒரு பழைய பிக்சர் ட்யூப் டிவியில் ஓடவிட்டு, அந்தத் திரையைப் படம் பிடியுங்கள். எச்டிஎம்ஐ (HDMI) சிக்னலைப் பழைய டிவியின் ஏவி (AV) இணைப்புக்கு மாற்றும் சின்னப் பெட்டியின் சுவிட்ச் 'பால்' பக்கம் இருக்கட்டும்; மறுபக்கம், அதாவது என்டிஎஸ்சி-யில், இருந்தால் பல பழைய செட்களில் கலரே வராது. கேமரா 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி. ஃபோனைத் தானியங்கியில் விட்டால் 30 ஃபிரேமுக்குப் போய்விடும், திரையில் கறுப்புப் பட்டை உருளும். 1/50-லும் கோடு தெரிந்தால் 1/25 வைத்துப் பாருங்கள். வலைபோல அலையலையாகக் கோலம் விழுந்தால் ஃபோகஸை இம்மியளவு தளர்த்துங்கள்.

கிட்டார் ஆம்பை (ஒலிபெருக்கிப் பெட்டியை) டிவியை ஒட்டி வைக்கவே கூடாது. ஸ்பீக்கரின் காந்தம் திரையில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுப் போடும். ஆம்பை நகர்த்தியும் கறை போகவில்லையா? செட்டை அரை மணி நேரம் அணைத்து ஆறவிட்டுப் போடுங்கள். உள்ளே காந்தநீக்கச் சுருளை இயக்கும் பாகம் சூடு தணிந்தால்தான் அந்தச் சுருள் மறுபடி வேலை செய்யும். பின்மூடியைக் கழற்றாதீர்கள். கலர் ட்யூபுக்கு 25,000 வோல்ட் வரை போகிறது, அணைத்த பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒரு காட்சி சும்மா கிடக்கிறது. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் டப் செய்து ஒளிபரப்பான தொடர்களின் ஆங்கில ஒலியை 1986 முதல் ரேடியோ 2000 என்ற வானொலி கூடவே ஒலிபரப்பியது. படம் டிவியில், குரல் பக்கத்து ரேடியோவில்! பாடகரின் வாயசைவைத் திரையில் காட்டிக் குரலை மட்டும் மோனோவாக்கி, அடித்தொனியை வெட்டி, ரேடியோவிலிருந்து வரவையுங்கள். டிரம்ஸ் முழு ஒலியோடு நுழையும் இடத்தில் கேமரா டிவிக்கு வெளியே வரட்டும்.