யாருக்கு அறியப்படாத செயலி?

பாம்பன் தெற்குவாடிக் கரையில் வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்திருந்த என் தாய்மாமனின் கைப்பேசியில், நானே எழுதிய ஒரு சின்னச் செயலியைப் போட்டுக்கொடுக்க அன்றைக்கு இருபது நிமிடங்கள் ஆயின. செயலியின் அளவு மூன்று எம்பி. புளூடூத்தில் கோப்பு வந்து சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மிச்ச நேரம் முழுவதும் கைப்பேசியோடு மல்லுக்கட்டுவதிலேயே போனது. முதலில், இந்த இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவ அனுமதி இல்லை என்றது. அமைப்புகளுக்குள் போய் அனுமதியைத் திறந்துவிட்டுத் திரும்பினால், சோதிக்கிறேன் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றி முடித்ததும், இது தீங்கு விளைவிக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை. அதற்குக் கீழே 'நிறுவ வேண்டாம்' என்ற பெரிய பொத்தான். நிறுவுவதற்கான வழியோ, 'மேலும் விவரங்கள்' என்ற பொடி எழுத்துக்குள் ஒளிந்திருந்தது. உப்பேறிக் காய்ந்த மாமாவின் விரலை அந்தத் தொடுதிரை பாதி நேரம் விரலாகவே மதிக்கவில்லை.

"என்ன மாப்ளே, ஆபத்துன்னு போட்டுருக்கு? நீதானே செஞ்சே?" என்று மாமா கேட்டார். நான்தான் செய்தேன் மாமா. ஆனால் இந்தக் கைப்பேசியின் அகராதியில் அதற்குப் பெயர் 'அறியப்படாத செயலி'. யாருக்கு அறியப்படாதது? எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவர் அவர். காசு கொடுத்துக் கைப்பேசியை வாங்கியவரும் அவர்தான். எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் பதிவேட்டில் என் பெயர் இல்லை என்பதற்காக, அவருடைய கைக்குள் இருக்கும் பொருள் அவரிடமே என்னைத் திருடனைப்போல அறிமுகம் செய்துவைக்கிறது.

அந்தச் செயலி செய்வது ஒரே வேலைதான். மாமாவின் இரண்டு நாட்டுப்படகுகளில் ஒன்பது பேர் தொழிலுக்குப் போகிறார்கள். கரை திரும்பி மீனைப் போட்ட பிறகு, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்க வேண்டும். இத்தனை காலமும் அதை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவந்தார்கள்; உப்புத்தண்ணீர் பட்டு மை ஊறிப்போன பக்கத்தில் இருப்பது மூன்றா எட்டா என்று வாரத்துக்கு ஒரு சண்டையாவது நடக்கும். அந்தச் சண்டையை நிறுத்தத்தான் இதை எழுதினேன். கடலில் சிக்னல் இருக்காது என்பதால் இணையமே தேவைப்படாதபடி எழுதினேன். தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி, இருப்பிடம் என்று எந்த அனுமதியையும் அது கேட்பதில்லை. இணைய அனுமதிகூட அதற்குக் கிடையாது.

"முறையாகக் கடையில் ஏற்றிவிட வேண்டியதுதானே?" என்று கேட்கிறார்கள். பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க 25 டாலர். அதைக்கூடக் கொடுத்துவிடலாம். 2023 நவம்பருக்குப் பிறகு புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குபவர், செயலியைப் பொதுவில் வெளியிடுவதற்கு முன் 20 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாட்கள் சோதித்துக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. 2024 டிசம்பரில் மனமிரங்கி அதை 12 பேராகக் குறைத்தார்கள். என் செயலியைப் பயன்படுத்தப் போகிறவர்களே ஒன்பது பேர்தான்! இன்னும் மூன்று பேரை நான் எந்தக் கடலில் வலை வீசிப் பிடிப்பது?

சரி, இத்தனை கெடுபிடியோடு காவல் காக்கும் அந்தக் கடையாவது சுத்தமாக இருக்கிறதா என்றால், 2022 செப்டம்பருக்கும் 2023 ஆகஸ்ட்டுக்கும் இடையில் மட்டும் 2,200-க்கும் மேற்பட்ட கடன் செயலிகள் அங்கிருந்து நீக்கப்பட்டதாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நீக்கப்படும்வரை அவையெல்லாம் 'அறியப்பட்ட' செயலிகள்தாம்.

இப்போது கதவையே மாற்றப்போகிறார்கள். கூகுள் 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தபடி, அதன் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில், அடையாளத்தைக் காட்டிப் பதிவு செய்துகொண்டவர்களின் செயலிகளை மட்டுமே, கடைக்கு வெளியிலிருந்தும்கூட, நிறுவ முடியும். பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளுக்கு 2026 செப்டம்பர். மற்றவர்களுக்கு 2027 முதல். எதிர்ப்பு எழுந்த பிறகு, மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் தனிக் கணக்கு உண்டு, விவரம் தெரிந்தவர்கள் ஆபத்தை ஏற்றுக்கொண்டு நிறுவ ஒரு வழியும் உண்டு என்றெல்லாம் இறங்கி வந்தார்கள். மாமாவின் கைப்பேசியில் மாமாவின் பங்குக் கணக்கைப் போட, நான் யாரோ ஒருவரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். அதற்குச் சலுகை வேறு.

ஆனால் என் வயிறு எரிவது இதற்காக மட்டும் அல்ல. மாமாவின் படகில் போகும் ஒருவருடைய வீட்டில் ஒரே ஒரு கைப்பேசிதான் இருக்கிறது. அது அவருடைய மனைவியிடம் இருக்கும். செயலியை அதில் போட்டுக்கொடுத்தபோது, நாளைக்குப் புதிய பதிப்பு வந்தால் அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று, "அக்கா, அது அப்படித்தான் பயமுறுத்தும், நீங்கள் பொடி எழுத்தை அழுத்தி உள்ளே போங்கள்" என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, தங்கச்சிமடத்தில் இருக்கும் அவருடைய நாத்தனாரின் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தது; அதாவது அது பத்திரிகை அல்ல, ஒரு செயலி. நாத்தனாரின் கணக்கு ஏற்கெனவே திருடன் கைக்குப் போயிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? கைப்பேசி எச்சரித்தது, என் செயலிக்குச் சொன்ன அதே சொற்களில், அதே பொத்தானோடு எச்சரித்தது. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது; கொடுத்தார். வங்கியிலிருந்து வந்த ஓடிபிகள் அவர் கண்ணில் படும் முன்பே வெளியே போயின. சீட்டுக் கட்ட வைத்திருந்த 18,000 ரூபாய் போனது.

ஒரு செயலி என்னென்ன அனுமதி கேட்கப்போகிறது என்பது அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. நிறுவும் முன்பே கைப்பேசியால் அதைப் படிக்க முடியும். எதுவுமே கேட்காத கணக்கு நோட்டுக்கும், ஓடிபியைப் படிக்கத் துடிக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் உள்ள வேற்றுமை அங்கேயே கிடக்கிறது. பிரித்துப் பார்க்க முடியாது என்பதும் இல்லை. கடைக்கு வெளியிலிருந்து வந்து இத்தகைய அனுமதிகளைக் கேட்கும் செயலிகளைத் தடுக்கும் ஏற்பாட்டை இந்தியாவில் சோதித்துப் பார்க்கப்போவதாகக் கூகுள் 2024 அக்டோபரிலேயே அறிவித்தது. முடியும் என்று தெரிந்த பிறகும், வாசலில் வருகிற எல்லோரையும் பார்த்து ஒரே மாதிரி குரைப்பது என்ன காவல்? தினமும் புயல் கூண்டை ஏற்றிவைத்தால் எந்தப் படகுதான் கரையில் நிற்கும்? அந்தக் குரைப்பைக் காதில் வாங்காமல் தாண்டிப் போக அந்த அக்காவைப் பழக்கியது நான்தான். எனக்கு வேறு வழியையும் அந்தக் கைப்பேசி வைத்திருக்கவில்லை.

இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு நாங்கள் கூப்பிட்டுப் புகார் கொடுத்தபோது ஒரு நாள் கழிந்திருந்தது. "நீங்க சொன்ன மாதிரியேதான் தம்பி அழுத்துனேன்" என்றார் அவர், கோபம் துளியும் இல்லாமல். அன்று மாலையே, தனக்குத் தெரியாத எல்லாவற்றையும் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டார். பங்குக் கணக்கும் அதோடு போனது. இப்போது அவருடைய கணவர் தன் பங்கை மறுபடியும் நோட்டில்தான் எழுதிக்கொள்கிறார். திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.